காலைப் பூசைத் தூக்கம்

எனக்குத் தூக்கம் பிடிக்கும். இதைச் சொல்ல என்ன வெட்கம்? சாப்பாடு பிடிக்கும் என்று சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை, இன்னும் ரெண்டு இட்லி வைக்கிறார்கள். தூக்கம் பிடிக்கும் என்று ஒரு பொம்பளைப் பிள்ளை சொல்லிவிட்டால் மட்டும், போகிற வீடு விளங்கினாப்போலத்தான் என்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு படித்த அந்த ஒரு வருஷம் தூக்கத்துக்காக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அது என்னைக் கன்னியர் மடத்து வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கன்னியாஸ்திரியாகப் போயிருக்க வேண்டியவள் நான்.

எங்கள் ஊர் தஞ்சாவூருக்கு வடக்கே, வாய்க்கால் கரையை ஒட்டின வயல்காட்டு ஊர். பாதி வீடு வேதக்காரங்க வீடு, அதாவது கிறிஸ்தவங்க வீடு, எங்கள் வீடும்தான். அப்பா மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். ஆறு மா நிலத்தையும், மாட்டையும், என்னையும், தங்கச்சியையும் அம்மா ஒருத்தியே கட்டி மேய்த்தாள். நான் படித்தது டவுனில் சிஸ்டர்கள் நடத்திய பெண்கள் மேல்நிலைப் பள்ளியில். தலைமை ஆசிரியையும் ஒரு கன்னியாஸ்திரிதான், அவரை மட்டும் எல்லாரும் மதர் என்போம். அவர் வராந்தாவில் நடந்து வந்தால் வகுப்புக்கு வகுப்பு பேச்சு அடங்கிக்கொண்டே வரும்.

அந்த வருஷங்களில்தான் ஊர் உலகத்துக்கெல்லாம் படிப்புப் பைத்தியம் பிடித்தது. நாட்டைத் திறந்துவிட்டார்கள், வெளிநாட்டுக் கம்பெனியெல்லாம் வரப்போகிறது என்று பேப்பரில் போட்டார்கள். எங்கள் பக்கம் திறந்தது இன்ஜினியரிங் காலேஜ்தான். கடலை போட்டுக்கொண்டிருந்த மேட்டுக்காட்டில் நாலு மாடிக் கட்டடம் எழும்பியது. அப்பாவும் போனில் அதையேதான் சொன்னார். வெயிலில் நின்று ஒயர் இழுக்கிறவன் ஒருத்தன், ஏசி ரூமில் உட்கார்ந்து ஒயர் எந்த வழியாகப் போகணும் என்று படம் போடுகிறவன் ஒருத்தன், நீ படம் போடுகிறவளாக வா என்பார். எனக்கும் அந்த ஆசை ஒட்டிக்கொண்டது. திருச்சியில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். ராத்திரி படுத்தால் அதே நினைப்புத்தான்.

டவுனில் புதிதாக ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளி வந்திருந்தது. விடியற்காலையிலேயே பிள்ளைகளை வரவழைத்துப் பாடம் நடத்தி மார்க்கை அள்ளுகிறார்கள் என்று ஒரே பேச்சு. மதர் விடுவாரா? நாங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் உட்கார்ந்த முதல் வாரமே, இனிமேல் காலை ஆறு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று அசெம்பிளியில் சொல்லிவிட்டார். ஒழுங்காக வராதவர்களுக்கும், காலை டெஸ்டில் தொடர்ந்து ஃபெயில் ஆகிறவர்களுக்கும் ஹால் டிக்கெட் கைக்கு வராது, பள்ளியின் பேரைக் கெடுக்க ஒருத்தரையும் விடமாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னார். ஹால் டிக்கெட் இல்லையென்றால் அரசாங்கப் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால் திருச்சி இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

டவுன்காரப் பிள்ளைகளுக்கு ஆறு மணி என்றால் ஆறு மணி. எங்களுக்கு அப்படியா? முதல் பஸ் ஐந்து மணிக்கு முன்னாலேயே எங்கள் ஊரைத் தாண்டிவிடும். அதை விட்டால் அடுத்தது ஏழு மணிக்குத்தான். ஆகவே நான் நாலு மணிக்கு எழுந்தாக வேண்டும், என்னை எழுப்ப அம்மா அதற்கும் முன்னால் எழுந்தாக வேண்டும். சீக்கிரம் படுத்துத் தொலையேன் என்பார்கள். படுத்துப் பார்த்தேனே. எட்டு மணிக்கே விளக்கை அணைத்துவிட்டுக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடப்பேன். பதினொன்றைத் தாண்டினால்தான் கண் சொக்கும். அந்த வயதுப் பிள்ளைகளின் உடம்பே அப்படித்தான், தூக்கம் தள்ளிப்போய்த்தான் வரும் என்று இப்போது டாக்டர்கள் டிவியில் வந்து சொல்கிறார்கள். அப்போது அதற்குப் பேர் கொழுப்பு.

அம்மா என்னைக் கூப்பிட்டு எழுப்புவதெல்லாம் முதல் வாரத்தோடு முடிந்தது. அப்புறம் காலைப் பிடித்து இழுப்பாள். முகத்தில் ஈரத் துண்டைப் போடுவாள். உட்கார வைத்துத் தலை பின்னுவாள், பின்னி முடிப்பதற்குள் நான் அவள் மடியில் சாய்ந்திருப்பேன். டார்ச் அடித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் என்னை முன்னால் விட்டு, பூச்சி பொட்டு இருக்கும் பார்த்து வை, பார்த்து வை என்று சொல்லிக்கொண்டே பஸ் வரைக்கும் கொண்டுவந்து ஏற்றுவாள். திரும்பிப் போய் மாட்டைப் பார்க்க வேண்டும், தங்கச்சியைக் கிளப்ப வேண்டும், நடவாளுக்கு முன்னால் வயலில் நிற்க வேண்டும். ஒரு நாள்கூட அவள் அலுத்துக்கொண்டு நான் பார்க்கவில்லை. பெரிய காரியம் ஒன்றைத் தூக்கிச் சுமக்கிற முகம் அது.

வகுப்பில் போய் என்ன பண்ணினேன்? தூங்கினேன். பிசிக்ஸ் சிஸ்டர் போர்டில் கணக்குப் போடுவார், வெள்ளை வெள்ளையாய்ப் பூச்சி பறப்பதுபோல் இருக்கும், அப்புறம் ஒன்றும் இருக்காது. தூங்கினால் வராந்தாவில் முழங்கால் போட வேண்டும். நானும் போட்டேன். ஒரு மாதத்தில் முழங்காலில் நின்றபடியே தூங்கப் பழகிவிட்டேன். முதுகு வளையாது, தலை சாயாது, அப்படி ஒரு தூக்கம். ஆறரை மணி டெஸ்டில் பத்துக்கு ரெண்டு, மூன்று. அதே பாடத்தை மத்தியானம் கேட்டால் கடகடவென்று சொல்வேன். அது யாருக்கு வேண்டும்? காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் மதர் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார். இப்படியே போனால் இவளுக்கு ஹால் டிக்கெட் தர முடியாது, அடுத்த வருஷம் தனியாக எழுதிக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு நேராக வயலுக்குப் போய்விட்டாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் பஸ் வழக்கத்துக்கு முன்னாலேயே டவுனில் இறக்கிவிட்டது. பள்ளி கேட் பூட்டியிருந்தது. பக்கத்திலேயே பெரிய மாதா கோயில், காலைப் பூசைக்கு விளக்கு எரிந்தது. நனையாமல் நிற்கலாமே என்று உள்ளே போனேன். மாதா சுரூபத்துக்கு எதிரில், தரையில் உட்கார முடியாத வயசானவர்களுக்காக ஒரு முழந்தாள் பலகை போட்டிருந்தார்கள். முழங்கால் வைக்கக் கீழே ஒரு பலகை, கையை ஊன்ற மேலே ஒரு பலகை. முழங்கால் போட்டேன். கையை ஊன்றி முகத்தைப் புதைத்தேன். கோயிலுக்குள் பெண்கள் முக்காடு போட வேண்டும், தாவணியை இழுத்து நெற்றி வரைக்கும் விட்டிருந்தேன். அவ்வளவுதான் தெரியும். மணிச்சத்தம் கேட்டு எழுந்தபோது எல்லாரும் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வரிசையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

பயந்துகொண்டே வகுப்புக்கு ஓடினேன். கால் மணி நேரம் லேட். எங்கேடி போயிட்டு வர்றே என்று பிசிக்ஸ் சிஸ்டர் கேட்டார். பூசைக்கு சிஸ்டர் என்றேன், பொய்யில்லையே. அவர் முகம் அப்படியே மலர்ந்துபோனது. பூசைக்குப் போய் வருகிற பிள்ளைகளுக்கு லேட் என்று ஒன்று கிடையாது, ஆறு மணிக்கே வந்ததாகத்தான் கணக்கு, மதரே சொல்லியிருக்கிறார், போய் உட்காரு என்றார். எனக்கு ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது.

அடுத்த நாளிலிருந்து தினமும் பூசை. மணி அடித்தால் எழுந்துபோய் நன்மை வாங்குவேன். திரும்பி வந்து நன்றி மன்றாட்டுக்கு முழங்கால் போடுவேன். பூசை முடிந்து ஆட்கள் போனாலும் நான் போகமாட்டேன். முக்காடு போட்டு முழங்காலில் இருக்கிற பிள்ளையைத் தட்டி எழுப்ப எந்தக் கிறிஸ்தவனுக்குத் துணிச்சல் வரும்? கோயில் வேலையெல்லாம் பார்க்கிற கோயில்பிள்ளை பெருக்கிக்கொண்டே வருவார், எனக்குப் பக்கத்தில் வந்ததும் விளக்குமாற்றைச் சத்தமில்லாமல் ஓட்டிவிட்டுப் போவார். ஏழு மணி பால்காரன் சைக்கிள் மணிக்குத்தான் எனக்கு விழிப்பு வரும். ஸ்பெஷல் கிளாஸில் பாதி போய்விட்டிருக்கும். போனால் போகிறது. காலை டெஸ்டையும் பூசைப் பிள்ளைக்கு மட்டும் மத்தியானம் வைத்தார்கள். மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன், அந்தப் பலகையில் தூங்கின மாதிரி நல்ல தூக்கம் அதற்குப் பிறகு மெத்தையில்கூட எனக்கு வந்ததில்லை.

அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மார்க் ஏறியது. ஏறாமல் என்ன செய்யும்? பகலெல்லாம் விழித்திருந்தேன். போர்டில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, சொல்வது காதில் விழுந்தது, படித்தது மண்டையில் நின்றது. அரையாண்டில் பிசிக்ஸில் வகுப்பிலேயே முதலாக வந்தேன். மதர் என்னை அசெம்பிளியில் முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். காலாண்டில் இவள் எங்கே இருந்தாள், இன்றைக்கு எங்கே இருக்கிறாள், காரணம் என்ன, காலைப் பூசை என்றார். கோயில்பிள்ளை சாட்சி சொல்லியிருந்தார்: அந்தப் பிள்ளை ஒரு மணி நேரம் அசையாமல் ஜெபம் பண்ணுது, நானும் எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன், இப்படிப் பார்த்ததில்லை என்று. எனக்குக் கீழே பூமி பிளந்தால் தேவலாம்போல் இருந்தது.

என்னோடு முதல் பஸ்ஸில் வருகிற தோழி ஒருத்திக்கு மட்டும் விஷயம் தெரியும். இந்துப் பிள்ளை, அடுத்த ஊர். அன்றைக்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் திடீரென்று நிறுத்திவிட்டு, ஜாக்கிரதையா இருடி, இது எங்க போய் முடியுமோ என்றாள்.

மார்கழிப் பனியில் ஒரு காலை. தூக்கத்தின் நடுவில் தோளில் ஒரு கை பட்டது. மதர். பக்கத்தில் அவரும் முழங்கால் போட்டிருந்தார். ரொம்ப மெல்லிய குரலில் ஏதோ கேட்டார். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் படித்த பிள்ளை, எதைக் கேட்டாலும் என்ன சொல்லும்? “சரிங்க மதர்” என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. என் தலையில் சிலுவை போட்டுவிட்டு எழுந்து போனார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மாவும் பங்குச் சாமியாரும் ரெண்டு சிஸ்டர்களும் எனக்காக உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தேவ அழைத்தல் வந்திருக்கிறதாம். மடத்தில் சேர எனக்குச் சம்மதமா என்று மதர் கேட்டாராம். நான் சம்மதித்துவிட்டேனாம்.

வேதக்காரக் குடும்பத்தில் ஒரு பிள்ளை துறவறம் போவது என்றால் என்ன என்று வெளியாட்களுக்குப் புரியாது. ராஜா வீட்டில் சம்பந்தம் வந்தால்கூட அந்த மரியாதை கிடையாது. ஊரிலிருந்து அதுவரைக்கும் ஒரு பெண்ணும் போனதில்லை. அம்மா அன்று அழுத அழுகையை என்னால் மறக்க முடியாது, சந்தோஷத்தில் அப்படி அழுவார்கள் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. மறுநாளே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கதிர் அறுக்க வந்த பொம்பளைகள் என்னைப் பார்த்ததும் அருவாளைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். அம்மாவுக்குக் கோயிலில் முன்வரிசையில் இடம் விட்டார்கள்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எஸ்டிடி பூத்துக்குப் போன் பண்ணுவார். அந்த ஞாயிறு நான் பேசக் காத்திருந்தேன், அப்பா காப்பாற்றுவார் என்று நம்பினேன், இன்ஜினியரிங் என்று ஆரம்பித்துவைத்ததே அவர்தானே. அம்மா விஷயத்தைச் சொன்னாள். போனை என் கையில் கொடுத்தாள். அந்தப் பக்கம் அப்பா விம்மிக்கொண்டிருந்தார். இன்ஜினியர் ஆயிரம் பேர் வருவான்மா, இது எல்லாருக்கும் கிடைக்காதும்மா, அப்ளிகேஷன் எல்லாம் வாங்க வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன் என்றார். நான் போனை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தேன். பூத்துக்காரர் உட்பட எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு மேலே ஏறவும் வழியில்லை, கீழே இறங்கவும் வழியில்லை. நிஜத்தைச் சொன்னால், ரெண்டு மாதமாக ஸ்பெஷல் கிளாஸ் பாதிக்குப் போகவில்லை என்றாகும், ஹால் டிக்கெட் போச்சு. சொல்லாவிட்டால் மடம். ரெண்டில் எதைப் பிடித்தாலும் திருச்சி கிடையாது. ஒரு வாரம் கோயில் பக்கமே போகாமல் நேராக வகுப்புக்குப் போய்ப் பார்த்தேன். போன ஜோரில் தூங்கினேன், டெஸ்டில் பழையபடி ரெண்டு, மூன்று. மதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அழைத்தல் பெற்றவர்களுக்கு இப்படிச் சோதனை வரும், சாத்தான் விடமாட்டான், நீ பூசையை விடாதே என்றார். எதைச் செய்தாலும் அது என்னை மடத்துப் பக்கமே தள்ளியது.

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். பின்கட்டில் அவள் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். எனக்கு இஷ்டமில்லம்மா என்றேன். மதர் சொன்னாங்க, முதல்ல பயமாத்தான் இருக்கும்னு, அப்புறம் சரியாயிடும் என்றாள், அகப்பையை நிறுத்தாமலே. எனக்குப் பயமில்லம்மா, நான் படிக்கணும் என்றேன். அங்கேயும் படிக்கவைப்பாங்க என்றாள். புகை கண்ணில் பட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

“தூக்கத்துக்காக யாராவது கன்னியாஸ்திரி ஆவாங்களாடி?” என்று பஸ்ஸில் தோழி கேட்டாள். அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

மாசி மாதம் தலைமை மடத்திலிருந்து பெரிய மதர் வந்தார். சேருகிற பிள்ளைகளை அவர் பார்த்துப் பேசி, பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போவார், அதற்கப்புறம் பேச்சே கிடையாது. அப்பா அனுப்பியிருந்த நைலக்ஸ் புடவையைக் கட்டிக்கொண்டு அம்மா வந்திருந்தாள். மடத்து வரவேற்பறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் பெரிய மதர், பக்கத்தில் எங்கள் மதர். பெரிய மதர் வயசானவர், தங்கமான முகம். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வீட்டைப் பற்றிக் கேட்டார், பாடத்தைப் பற்றிக் கேட்டார். அப்புறம் முன்னால் குனிந்து, காலையில கோயில்ல முழங்கால்ல இருக்கறப்போ உன் மனசுல என்னம்மா நடக்குது என்று கேட்டார்.

அந்த நிமிஷம் நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. எனக்காக ஜெபம் பண்ணுகிறாள். சொல்லாமல் விட்டால் இந்த முகம் வாழ்நாள் முழுக்க இப்படியே இருக்கும் என்று தோன்றியது. அதற்கு நான்தானா கிடைத்தேன் என்று ஒரு ஆத்திரமும் வந்தது.

“தூங்குவேன் மதர்” என்றேன்.

பெரிய மதர் சிரித்தார். தாழ்ச்சியான பிள்ளை என்றார். ஆழ்ந்த ஜெபம் ஆரம்பத்தில் தூக்கம் மாதிரிதான் தெரியும், பெரிய புண்ணியவதிகளுக்கே அப்படித்தான் என்று அம்மாவிடம் விளக்கினார். எங்கள் மதரும் தலையை ஆட்டினார். எல்லாவற்றுக்கும் இவர்களிடம் ஒரு பதில் இருக்கிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஜெபம் இல்ல மதர். தூக்கம். எச்சில் வழியிற தூக்கம். நாலு மணிக்கு எழுந்திரிச்சு வர்றேன், என்னால முடியல. அங்க யாரும் எழுப்பமாட்டாங்க, அதான் போனேன். எனக்கு மடத்துக்கு வர இஷ்டமில்ல, திருச்சில போய்ப் படிக்கணும்.”

சொல்லி முடித்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. எங்கள் மதரின் முகம் காது வரைக்கும் சிவந்தது. ஆண்டவர் சந்நிதானத்தில் கூத்தா அடித்தாய் என்றார். வகுப்புக்கு வராமல் ஏமாற்றியிருக்கிறாய், ஹால் டிக்கெட்டை நினைத்துக்கூடப் பார்க்காதே என்றார். பெரிய மதர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். நீங்க என்னம்மா சொல்றீங்க என்று கேட்டார்.

அம்மா என்னைத்தான் கேட்டாள். எத்தனை நாளா என்றாள். ஆரம்பத்திலிருந்தே என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானை நுனியை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை. ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. மஸ்கட்டில் ஒரு மனுஷன் கூட இருப்பவர்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாயிற்று. அதையெல்லாம் அவள் மனசுக்குள் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைப்பது எனக்குத் தெரிந்தது. கடைசியில் நிமிர்ந்து எங்கள் மதரைப் பார்த்தாள். நிற்காமல் பேசினாள்.

“ஹால் டிக்கெட்ட குடுத்துடுங்க மதர். பூசைக்கு வந்தா வகுப்புக்கு வந்த கணக்குதான்னு நீங்கதான் சொன்னீங்க, தினம் வந்ததாத்தான் எழுதியும் வச்சிருக்கீங்க. மார்க்கும் நீங்க போட்டதுதான். சாமிக்குக் குடுக்கறதுன்னா முழிச்சிருக்கற பிள்ளையத்தான் குடுக்கணும். தூங்கற பிள்ளையத் தூக்கிக் குடுக்க எனக்கு மனசு வரல.”

பெரிய மதர் எங்கள் மதரிடம், கொடுத்துவிடுங்கள் சிஸ்டர் என்றார். அதோடு எழுந்துகொண்டார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், அப்பாகிட்ட நீயே சொல்லு என்று.

ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். பூத்துக் கண்ணாடிக்குள் நின்று, தூங்கினேன்ப்பா, ஜெபம் பண்ணலப்பா என்று சொன்னேன். அம்மாகிட்ட குடு என்றார். அம்மா வாங்கி, ம், ம் என்றாள், ஆமாங்க என்றாள், அவ எழுதட்டும்ங்க என்றாள். அதற்கப்புறம் மூன்று ஞாயிறு அப்பாவிடமிருந்து போன் வரவில்லை. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் பூத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். முன்வரிசையில் அவளுக்கு விட்ட இடத்தில் வேறு யாரோ உட்கார ஆரம்பித்தார்கள். பூசையில தூங்கினவ அம்மா என்று ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள். எனக்கு அவளைப் போய் நாலு கேள்வி கேட்க வேண்டும்போல் கை பரபரத்தது, அம்மா விடவில்லை.

பரீட்சைக்கு முன்னால் படிக்க லீவு விட்டார்கள். பிசிக்ஸ் பரீட்சை அன்றைக்கு நான் கண் விழித்தபோது நல்ல வெயில். ஐயோ என்று துள்ளி எழுந்தேன். அம்மா பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். பரீட்சை பத்து மணிக்குத்தானே, எட்டு மணி பஸ்ஸில் போலாம், தூங்கினா தூங்கட்டும்னு விட்டேன் என்றாள். அன்றைக்கு நான் எழுதின பிசிக்ஸ் இன்றைக்கும் கேள்விக்குக் கேள்வி எனக்கு ஞாபகம் இருக்கிறது. திருச்சியில் இடம் கிடைத்தது. அப்பா லீவில் வந்து ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு, அப்புறம் அவரே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஹாஸ்டலில் விட்டார். எங்கள் பள்ளியில் அடுத்த வருஷமும் ஆறு மணிக்கே ஸ்பெஷல் கிளாஸ். பூசை முடிந்ததும் கோயிலைப் பூட்டிவிடுகிறார்களாம், தோழியின் தங்கை சொன்னாள்.

இப்போது சென்னையில் என் மகளுக்குப் பள்ளி வேன் இருட்டோடு வருகிறது. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் குடியா முழுகிவிடும் என்று நான் கேட்டேன். மற்ற பெற்றவர்கள்தான் என்னைச் சண்டைக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். போகட்டும், அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.

போன மாதம் அம்மா வந்து எங்களோடு இருந்தாள். தாகம் எடுத்து எழுந்து வந்தேன், ஹாலில் விளக்குப் போடாமல் அவள் உட்கார்ந்திருந்தாள். மணி நாலு. என்னம்மா, உடம்புக்கு என்ன என்று பதறிப்போனேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, தினமும் இப்படித்தான் என்றாள். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். அவள் பதில் சொல்ல யோசிக்கவே இல்லை.

“நீ பன்னண்டாவது படிச்சப்போலேருந்துதான். உன்னை எழுப்பணுமேன்னு முழிப்பு வந்துச்சு, அப்புறம் அது நிக்கவே இல்ல.”

எத்தனை வருஷம். எனக்குத் தூக்கம் வேண்டும் என்று அந்த மடத்து வரவேற்பறையில் கத்தினேன், என் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவளுக்கும் அது வேண்டியிருக்கும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் படுத்துப் பாரேன்மா என்றேன். இனிமே வராதுடி என்று சர்வசாதாரணமாகச் சொன்னாள். சத்தம் போடாதே, பிள்ளை முழிச்சுக்கும் என்றாள்.